படுதா இறக்கிய ஆட்டோ

என் மோனே,

நாளைக் காலையில் சாமான் ஏற்ற டெம்போ வருகிறது. நீயும் ரேவதியும் இடப்பள்ளிப் பக்கம் பார்த்து வைத்திருக்கிற வாடகை வீட்டுக்குப் போகிறீர்கள். மட்டாஞ்சேரியிலிருந்து பஸ் ஏறினால் சாயா ஆறுவதற்குள் போய்ச் சேருகிற தூரம்தான். ஆனால் உன் அம்மா, நீ துபாய்க்குக் கப்பலேறுகிற மாதிரி மாங்காய் ஊறுகாயும் இட்லிப் பொடியும் கட்டிக்கொண்டிருக்கிறாள். "அங்கே கடையே கிடையாதா?" என்று கேட்டேன். "கடை இருக்கு, என் கை இருக்கா?" என்றாள். அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவன் இந்தத் தெருவில் இல்லை. அதனால் வெளியே வந்து, ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு வெளியே வந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு நல்ல காரியம் செய்தவன் என்பது உனக்குத் தெரியும். நீயோ மலையாளத்தில் படித்தவன், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். எழுதத் தெரியாதவன் எழுதி, படிக்கத் தெரியாதவன் படிக்கிற கடிதம் இது. பிழை திருத்துவதற்கு ரேவதி இருக்கிறாள், பாலக்காட்டில் தமிழ் படித்தவள். எழுதச் சொன்னதும் அவள்தான். "மாமா, இதை நம்ம தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்குக் கொடுங்க. நம்ம ஆளுங்க வீட்ல எல்லாம் இப்படித்தான் நடக்குது, யாரும் வெளிய சொல்றதில்லை" என்றாள். நீயும், "என் பேரை மட்டும் போடாதீங்கப்பா" என்று சம்மதித்தாய். உன் பேரை எங்கேயும் போடவில்லை. ஆனால் என் கூட்டாளி ஆட்டோக்காரன் அஷ்ரஃபின் பேரைப் போடாமல் இதை எழுத முடியாது. அவன் பேரைப் பார்த்துவிட்டு போட் ஜெட்டிப் பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கிறவர்கள் உன்னைக் கண்டுபிடித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

நீ நடை பழகின காலத்திலிருந்தே நான் உன்னைக் கேலி செய்துகொண்டுதான் இருக்கிறேன். நீ விழுந்தால் ஓடி வந்து உன்னைத் தூக்க மாட்டேன். குனிந்து தரையைத் தடவிக் கொடுத்து, "அய்யோ பாவம், தரைக்கு அடிபட்டுச்சா?" என்று கேட்பேன். அழ வாயைத் திறந்தவன் குழம்பிப் போய்த் தரையைப் பார்ப்பாய், அப்புறம் சிரித்துவிடுவாய். கொஞ்சம் வளர்ந்த பிறகு சைக்கிளைக் கொண்டுபோய் மீன்காரி கூடையில் விட்டு, முழங்காலில் ரத்தத்தோடு வந்து நின்றாயே, அப்போதும் "மீன் பிழைச்சுதா?" என்றுதான் கேட்டேன். நீ அழுகையை மறந்து சிரித்தாய். இந்த வித்தை உன்னிடம் ஒரு தடவையும் தோற்றதில்லை. தோற்காத வித்தை ஒன்று கையில் இருந்தால் மனுஷன் இரண்டாவது வித்தை கற்றுக்கொள்வானா? நானும் கற்றுக்கொள்ளவில்லை. வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் இதையே எடுத்து நீட்டினேன். பெரிய துக்கத்துக்கும் அதையே நீட்டினேன்.

போன கர்க்கடக மாசத்தில், நம்ம ஆடியில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது, ரேவதிக்கு ஏழாம் மாதம். வயிற்றில் அசைவே தெரியவில்லை என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பெண் குழந்தை, உயிரில்லாமல் வந்தது. நர்ஸ் வெளியே வந்து, "அம்மாவுக்குக் காட்டட்டா?" என்று கேட்டாள். நீ தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாய். வேண்டாம் என்று சொன்னது நான். உன் அம்மாவும் பாலக்காட்டுச் சம்பந்தியும் தலையாட்டினார்கள். நம் ஆட்களுடைய வழக்கம் உனக்குத் தெரியும். அப்படி வருகிற குழந்தையைத் தாய் பார்க்கக் கூடாது, அதற்குப் பேர் சொல்லக் கூடாது, எங்கே வைத்தோம் என்று வீட்டில் பேசக் கூடாது, தகப்பன் கூடவே வரக் கூடாது. பேசினால் அடுத்தது தங்காது என்பார்கள். யார் முதலில் சொன்னார்களோ தெரியாது, எல்லோரும் பயந்து பயந்து பிடித்துக்கொண்டு வந்திருக்கிறோம். உன்னை ரேவதியின் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, துணியில் சுற்றிக் கொடுத்ததை நான் வாங்கிக்கொண்டேன். அஷ்ரஃப் அவன் ஆட்டோவை ஓட்டினான், நான் பின்னால் உட்கார்ந்தேன். பொது மயானத்தில் வேலையை முடித்து, வீட்டில் குளித்துவிட்டு, திரும்ப ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வாசலில் நின்றிருந்த உன்னைப் பார்த்து என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "என்னடா, ஷேவ் பண்ணாம இப்படி நிக்கிறே, செக்யூரிட்டி காசு போட்டுட்டுப் போகப் போறான்." நீ சிரித்தாய். வித்தை இன்னும் வேலை செய்கிறது என்று நிம்மதியாகி, நான் சாயா குடிக்கப் போனேன்.

ரேவதியை உடம்பு தேறுவதற்காக அவள் அம்மா பாலக்காட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். ஓணம் வந்தது, போனது. அவள் வரவில்லை. நான் போன் போட்டு, "என்ன மோளே, பாலக்காட்டு வெயில் பிடிச்சுப் போச்சா? இங்க உன் புருஷன் சட்டையை நான்தான் தேய்ச்சுக் கொடுக்கிறேன், கூலி யார் தருவா?" என்பேன். "வரேன் மாமா" என்பாள், அவ்வளவுதான். நீ வேலையிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாய். உன் அம்மா ஒருநாள் என்னிடம், "அந்தப் பொண்ணு இனி வர மாட்டா போல இருக்கு" என்றாள். நான், "நீ இருக்கிற வீட்டுக்கு எவ வருவா?" என்றேன். அவள் சட்டியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

பிறகு ஒருநாள் நீ வந்து, "நானும் ரேவதியும் கவுன்சலிங் எடுத்துக்கப் போறோம், போன்லயே, அவ பாலக்காட்டுல இருந்து, நான் இங்க இருந்து, கோயம்புத்தூர்ல ஒரு மேடம்" என்று சொன்னாய். எனக்குக் காதில் விழுந்தது கவுன்சலிங், மனசில் விழுந்தது வக்கீல். விவாகரத்துக்குத்தான் ஏற்பாடு நடக்கிறது என்று நினைத்து அன்று முழுக்க மூன்று சவாரியைத் தவறான தெருவில் இறக்கிவிட்டேன். சேர்ந்து வாழத்தான் பேசுகிறீர்கள் என்று நீ விளக்கினபோது, "பேசறதுக்கா? நான் இலவசமாப் பேசறேனே, பத்தாதா?" என்று கேட்டேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

முதல் சனிக்கிழமை வீட்டிலேயே உட்கார்ந்தாய். நம் வீடு உனக்குத் தெரியாததா? ஓட்டு வீடு, அறைக்கு அறை சுவர் இருக்கிறது, ஆனால் எந்தச் சுவரும் கூரை வரை போகாது. இந்த அறையில் தும்மினால் அடுத்த அறையில் நூறாயுசு சொல்வார்கள், அதற்கும் அடுத்த வீட்டிலிருந்து நன்றி வரும். நீ கதவைச் சாத்தினாய். நம் வீட்டில் பகலில் கதவைச் சாத்தினால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். உன் அம்மா சுக்குக் காப்பியோடு உள்ளே நுழைந்தாள். போனில் புதுசாக ஒரு முகத்தைப் பார்த்ததும் சும்மா திரும்பி வருகிறவளா அவள்? "வணக்கம்மா, சாப்பிட்டீங்களா? கோயம்புத்தூர்ல மழை உண்டா?" என்று உட்கார்ந்துவிட்டாள். அந்த மேடமும் மரியாதைக்குப் பதில் சொல்ல, பேச்சு பருப்பு விலை வரைக்கும் போய்விட்டது. நீ வெளியே வந்து என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டாய். "அப்பா, எனக்கு ஒரு மணி நேரம் யாரும் கேக்காத இடம் வேணும். இந்த மட்டாஞ்சேரியில அப்படி ஒரு இடம் இருக்கா?"

நான் ஆட்டோக்காரன். இடம் எங்கே என்று கேட்டால் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. மழைக்குப் போடுகிற படுதாவை இரண்டு பக்கமும் இறக்கி, உள்ளே உன்னை உட்கார வைத்து, கடற்கரைப் பக்கம் ஆளில்லாத இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு, தள்ளி நின்று கடலை கொறித்துக்கொண்டிருந்தேன். வெயிலில் படுதா இறக்கின ஆட்டோவைப் பார்த்தால் போலீஸ்காரருக்கு என்ன தோன்றும்? ரோந்து வந்த ஒருத்தர் சடக்கென்று தூக்கிப் பார்த்தார். உள்ளே நீ, கண்ணெல்லாம் சிவந்து, கையில் போன், போனில் இரண்டு பெண்கள். "எந்தாடா இது?" என்றார். நான் ஓடிப்போய், "சாரே, என் மோன்தான். பெண்டாட்டியோட சேர்ந்து கவுன்சலிங்" என்றேன். அவரே படுதாவை இறக்கிவிட்டார். என்னை ஓரமாகக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்தி, "பலன் உண்டோ?" என்று கேட்டார். "இப்பத்தான் சாரே ஆரம்பம்" என்றேன். அடுத்த வாரமும் அவர் அங்கே வந்து, தன் வீட்டுக் கதையை என்னிடம் சொல்ல ஆரம்பித்ததும், அந்த இடமும் சரிப்படாது என்று முடிவு செய்தோம்.

அதற்குப் பிறகுதான் ஜெட்டி ஸ்டாண்டின் கடைசி மூலை. வரிசையில் கடைசி வண்டியிடம் யாரும் சவாரி கேட்க மாட்டார்கள், போலீஸும் திரும்பிப் பார்க்காது. நாலைந்து சனிக்கிழமை நன்றாகப் போயிற்று. ஒருநாள் பயங்கரப் புழுக்கம். படுதாவுக்குள் நீ வேர்த்து ஒழுகினபடி உட்கார்ந்திருப்பாயே என்று எனக்குத் தோன்றியது. சவாரிக்காரர்களுக்காக வைத்த சின்ன ஃபேன் ஒன்று இருக்கிறதல்லவா, சாவியைத் திருப்பினால்தான் அது ஓடும். நான் மெல்லப் போய் முன்பக்கம் கைவிட்டுச் சாவியைத் திருப்பினேன். ஃபேனும் ஓடியது, கூடவே பாட்டுச் செட்டும் எழுந்துவிட்டது. அந்தச் செட்டை வாங்கி மாட்டினது நீ. உன் போனைத்தான் முதலில் ப்ளூடூத்தில் அதோடு சேர்த்துப் பாடவிட்டுப் பார்த்தாய். அது நன்றி மறக்காமல் உன் போனைப் பிடித்துக்கொண்டது. அடுத்த விநாடி ரேவதியின் குரல் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது.

"அங்க எல்லாரும் சிரிச்சுட்டே இருப்பாங்க மேடம். மாமா தமாஷ் பண்ணுவார், அத்தை சாயா போடுவாங்க, இவர் போனைப் பார்ப்பார். எங்க பாப்பா வந்ததும் போனதும் யாருக்குமே தெரியாத மாதிரி. அந்த வீட்ல எனக்கு மட்டும்தான் குழந்தை செத்துப் போச்சு."

நீ உள்ளே பதறிப்போய் போனை அமுக்குகிறாய், செட்டு நிற்கவில்லை. நான் சாவிக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன், கை எழவில்லை. அப்போதுதான் வரிசையில் இருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக ஸ்டார்ட் ஆகி உறுமத் தொடங்கின. அந்தச் சத்தத்தில் மேடம் என்ன பதில் சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. எனக்கும் கை வந்து, சாவியை அணைத்தேன். அன்று வீட்டுக்கு வரும்போது நீ, "நல்ல வேளை, அந்த நேரம் பார்த்து போட் வந்துச்சு" என்றாய். போட் வந்தால் எல்லோரும் வண்டியைக் கிளப்புவது வழக்கம்தான். ஆனால் மோனே, அந்த நேரத்துக்குப் போட்டே கிடையாது. அஷ்ரஃப்தான் முதலில் ஸ்டார்ட் பண்ணினான். அவன் முகத்தைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து அடுத்தவன். மறுநாள் அதைப் பற்றி ஒருத்தன் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஸ்டாண்டில் ஒருத்தன் செருப்பு அறுந்தாலே ஒரு வாரம் வைத்து ஓட்டுவோம், உனக்குத் தெரியும்.

அஷ்ரஃப் மட்டும் என்னைச் சாயாக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனான். பரிப்புவடையைப் பிட்டுக்கொண்டே கேட்டான். "அன்னிக்கு மயானத்துக்குப் போறப்ப வண்டியில அந்தக் குட்டிகிட்ட வழி நெடுகப் பேசிட்டு வந்தியே, அதை இதுகள்ட்ட சொல்லியிருக்கியா?"

"அதை எதுக்குடா சொல்லணும்? சொல்லக் கூடாதுன்னுதானே."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"எல்லாரும் மடியில வச்சுக்கிட்டு வந்தாங்களா? நீ ஒருத்தன்தான் அதோட முகத்தைப் பார்த்தே. அது அவங்களோட குட்டி. நீ என்னமோ உன் சொத்து மாதிரி பூட்டி வச்சிருக்கே." அப்புறம் தட்டை என் பக்கம் தள்ளி, "வடை ஆறுது, தின்னு" என்றான்.

அதனால்தான் மோனே, எனக்கும் அந்த மேடத்தோடு பேச வேண்டும் என்று உன்னிடம் கேட்டேன். நீ சந்தேகமாகப் பார்த்தாய். "தமாஷ் பண்ண மாட்டீங்களே?" என்றாய். நான் சத்தியம் செய்யவில்லை, முடிகிற காரியத்துக்குத்தான் சத்தியம் செய்ய வேண்டும். சனிக்கிழமை நான் இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டேன். உன் அம்மா பவுடர் போட்டுக்கொண்டு, ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பின்சீட்டில் நீங்கள் இரண்டு பேரும், முன்சீட்டில் பின்பக்கம் திரும்பி நான். படுதாவுக்குள் மூன்று பேர் மூச்சும் முட்டிக்கொண்டது. ஃபேனுக்கு யாரும் ஆசைப்படவில்லை. வெளியே அஷ்ரஃப், ஹவுஸ்ஃபுல் ஆன தியேட்டர் வாசலில் நிற்கிறவன் மாதிரி வருகிறவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான்.

"டாக்டரம்மா, எனக்கு ஊசியா, மாத்திரையா?" என்றுதான் ஆரம்பித்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். அந்த மேடம் சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். "நான் டாக்டர் இல்லீங்க. நீங்க ஏதோ சொல்லணும்னு கேட்டீங்களாம், சொல்லுங்க, நாங்க கேக்கறோம்" என்றாள். அவ்வளவுதான், பிறகு சும்மா இருந்தாள். யாராவது எதிரில் சும்மா இருந்தால் அந்த இடத்தை நிரப்பாமல் என்னால் இருக்க முடியாது. இரண்டு மூன்று தடவை வாயைத் திறந்தேன். வந்ததெல்லாம் தமாஷ்தான், வேறு சரக்கு கைவசம் இல்லை. வேண்டாம் என்று விழுங்கினேன். அப்போது போனில் இன்னொரு கட்டத்திலிருந்து ரேவதி கேட்டாள்.

"மாமா, பாப்பா எப்படி இருந்தா?"

உன் அம்மா பதறிவிட்டாள். "மோளே, அதெல்லாம் பேசக் கூடாது, இனி வரப் போறதுக்கு ஆகாது" என்றாள். மேடம் மெதுவாக, "அம்மா, உங்களுக்கு அவங்க மேல இருக்கற அக்கறை புரியுது. இப்ப அவங்க கேக்கட்டுமே" என்றாள். உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் சொன்னேன். தலை நிறைய முடி, கறுகறுவென்று, இப்போதுதான் எண்ணெய் தேய்த்துவிட்ட மாதிரி நெற்றியில் ஒட்டியிருந்தது. விரல்கள் ரேவதியின் விரல்கள், நீளம். ஒரு கை மூடியிருந்தது. மழைச்சாரல் முகத்தில் படாமல் இருக்க என் துண்டைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டு வந்தேன். "வேற?" என்றாள். மூக்கு, என்றேன். "மூக்குக்கு என்ன மாமா?" அது நம்ம வீட்டு மூக்கு மோளே, தப்பவில்லை, என்றேன். வண்டி ஆடும்போதெல்லாம் அந்த மூக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது. அதனால் அவளிடம், "அடி மூக்கி, இத்தனை பெரிய மூக்கைச் சுமந்துக்கிட்டு வர முடியாமத்தான் பாதி வழியில நின்னுட்டியா? சொல்லியிருந்தா நான் வந்து தூக்கிட்டு வந்திருப்பேனே" என்று சொன்னேன். அஷ்ரஃப் முன்னால் அழுதுகொண்டே ஓட்டினான். வழி முழுக்க மூக்கி, மூக்கி என்றுதான் அவளைக் கூப்பிட்டுக்கொண்டு போனேன். பேர் வைக்கக் கூடாது என்கிற நினைப்பே அப்போது எனக்கு வரவில்லை.

பிறகு ரேவதி, "மூக்கியா?" என்றாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தது. "மாமா, நிஜமா அப்படிக் கேலி பண்ணீங்களா அவளை?" "ஆமா மோளே." "எங்களை எல்லாம் பண்ற மாதிரியே?" "அதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி. பதிலுக்குப் பேச மாட்டாள்ல." அப்போதுதான் பின்சீட்டில் நீ உடைந்தாய். பெரிய ஆண்பிள்ளை, தோள் குலுங்க, உன் அம்மா மடியில் முகத்தை வைத்து அழுதாய். அதை என்னால் பார்க்க முடியவில்லை. உன்னைச் சிரிக்க வைக்க ஒரு வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைப் பிடித்து நிறுத்துவதற்காகக் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்தேன், ஹாரன் அடித்துவிட்டது. வெளியே அஷ்ரஃப், "எந்தாடா, எந்து பற்றி, என்னாச்சு?" என்று கத்தினான். நான் அசையவில்லை. நீ அழுது முடிகிற வரையில் அப்படியே திரும்பி உட்கார்ந்திருந்தேன். உன் அழுகையை நான் முழுசாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த ஒரு மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்து ரேவதி ஓடி வந்துவிட்டாள் என்று மலரைப் படிக்கிறவர்கள் நினைக்க வேண்டாம். அதற்குப் பிறகும் நீங்கள் நிறையச் சனிக்கிழமைகள் பேசினீர்கள். சில நாள் நீ கோபமாக இறங்கி வந்தாய், ஒருநாள் பாதியிலேயே நிறுத்திவிட்டாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்குள் எனக்கு ஒரு கிலோ குறைந்துவிட்டது. பிறகு ஒருநாள் பாலக்காடு ரயிலில் அவள் வந்து இறங்கினாள். வந்த இரண்டாம் நாள், தனி வீடு பார்க்கிறோம் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு முகம் சுண்டிப் போனது உண்மைதான். என்னால்தானா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். "அதுகளுக்குக் கூரை வரைக்கும் சுவர் வேணும். கல்யாணம் ஆன புதுசுல எனக்கும்தான் வேணும்னு இருந்துச்சு. கேட்டா நீங்க சிரிச்சிருப்பீங்க" என்றாள். இதைச் சொல்ல அவளுக்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது. நானும் ஒரு சனிக்கிழமை அவளைப் படுதாவுக்குள் உட்கார வைத்து என்ன இருக்கிறதோ கேட்கலாம் என்று இருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது.

நீ போகிற வீட்டுக்கு நான் புத்தி சொல்லி அனுப்ப வேண்டும், கடிதம் என்றால் அதுதானே. தமாஷை விட்டுவிடாதே மோனே, அது நம் வீட்டுச் சாப்பாடு, அதைத் தின்றுதான் நீ வளர்ந்தாய். ஆனால் அவள் அழும்போது சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் நிற்காதே. அழுது முடிக்கட்டும், பசி எடுக்கும்போது அவளே கேட்பாள். உனக்கு அழுகை வந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழு. அப்புறம் வெளியே வந்து எனக்குப் போன் போடு. என்னடா என்று கேட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். நடுவில் தவறிப்போய் எதையாவது சொல்லிவிட்டால், "அப்பா, சாவியை அணைங்க" என்று சொல், எனக்குப் புரியும். அந்த மேடத்தோடு பேச்சு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்று தோன்றினால் வெட்கப்படாமல் பேசுங்கள். பல்வலி வந்தால் பல் டாக்டரிடம் போகிறோம், பல்லைக் கேலி செய்தா வலியை ஆற்றுகிறோம்?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் போனது மட்டும் எழுத மிச்சம். ரேவதிதான் கேட்டாள், "போறதுக்கு முன்னாடி எனக்கு அந்த இடத்தைக் காட்டுங்க மாமா." மயான வாசலில் உன் அம்மா தயங்கி நின்றாள். "பொம்பளைங்க வரக் கூடாதே" என்றாள். ரேவதி அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தாள். அடையாளத்துக்கு அன்று நான் வைத்த வெட்டுக்கல் துண்டை மழை எங்கோ கொண்டுபோயிருந்தது. மதில் மூலையில் நிற்கிற பூவரசு மரத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துக் காட்டினேன். காட்டிவிட்டு, நீங்கள் இரண்டு பேரும் இருக்கட்டும் என்று தள்ளிப் போய் நின்றேன். ரேவதி அங்கே குந்தி உட்கார்ந்தாள், நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்தாய். ரொம்ப நேரம் என்னவோ பேசிக்கொண்டிருந்தீர்கள், எனக்குக் கேட்கவில்லை, கேட்க முயற்சியும் செய்யவில்லை. பிறகு அவள் திரும்பிப் பார்த்தாள். "ஏன் மாமா அங்க நிக்கறீங்க, இங்க வாங்க" என்றாள். நான் வந்ததும் குனிந்து அந்த மண்ணைப் பார்த்துச் சொன்னாள்: "மூக்கி, இங்க பாரு, தாத்தா வந்திருக்காங்க."

அந்த முறையை வைத்து என்னை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. திறந்த வாய் திறந்தபடியே நின்றேன். உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்த மனுஷன் வாயை அடைக்க இந்த ஊர்ல ஒருத்தராலயும் முடியலை" என்றாள். "என் பேத்தி அடைச்சுட்டா."

உன் அப்பா